எம்ஜிபி ரோட்ஸ்டரில் முன்கண்ணாடி ப்ராக்கெட் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எம்ஜிபி ரோட்ஸ்டரைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினுக்குப் பயப்படுவதில்லை, பெயிண்டுக்கும் பயப்படுவதில்லை. முன்கண்ணாடியைத் திரும்ப மாட்டும் நாள் வந்தால்தான் கை நடுங்குகிறது. வேலை கிட்டத்தட்ட முடிந்து, புதுப் பெயிண்டு பளபளக்க, தவறு செய்ய இடமே இல்லாத நேரத்தில் அந்த நாள் வருகிறது. இங்கிலாந்தில் இந்தக் கார்களோடு பழகிய வருடங்களில் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்த ப்ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார். ரோட்ஸ்டர் என்பது அதன் திறந்த வகை, மேலே துணிக்கூரை. அதன் முன்கண்ணாடி பாடியில் நேரடியாகப் பதிந்திருக்காது. கண்ணாடியைச் சுற்றி அலுமினிய ஃப்ரேம் இருக்கும்: மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், பக்கத்துக்கு ஒரு பில்லர். பில்லர்களின் அடிப்பகுதி கால் போல நீண்டு, பாடியின் மேல்மூலையில் உள்ள துளை வழியாக உள்ளே இறங்கும். உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னால், பாடியோடு சேர்ந்த எஃகு ப்ராக்கெட்டில் பக்கத்துக்கு இரண்டு போல்ட்டால் அந்தக் கால் பிடிக்கப்படும். நடுவில் மேல்சட்டத்திலிருந்து ஸ்கட்டில் வரை ஒரு மெல்லிய கம்பி. பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையே உள்ள தகட்டைத்தான் ஸ்கட்டில் என்கிறோம். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி அந்தக் கம்பியில்தான் தொங்கும்.

ஆகமொத்தம் நான்கு போல்ட், ஒரு கம்பி. கண்ணாடி, ஃப்ரேம், துணிக்கூரையின் இழுவிசை, ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்று எல்லாவற்றையும் இவைதான் தாங்குகின்றன.

ஜிடி மாடலுக்கும் இதே முறைதானா?

இல்லை. 1965-ல் வந்த எம்ஜிபி ஜிடிக்கு நிலையான எஃகுக் கூரை உண்டு. அதன் கண்ணாடி இன்னும் உயரமானது, ரப்பர் பீடிங்கில் பதிந்து பாடியிலேயே உட்காரும். அதற்கு இந்த ப்ராக்கெட்டும் இல்லை, பில்லர் காலும் இல்லை. இந்தப் பக்கம் முழுக்க ரோட்ஸ்டருக்கானது.

கண்ணாடியை எப்போது மாட்ட வேண்டும்? பெயிண்டுக்கு முன்பா, பின்பா?

இரண்டு முறை மாட்ட வேண்டும். பெயிண்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. இதில் ஒன்றையாவது தவிர்த்துவிடலாமா என்று கேட்காதவர் இல்லை. தவிர்க்க முடியாது.

காரணம் இந்தக் காரின் கட்டுமானத்தில் இருக்கிறது. எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. திறந்த காரில் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ சில்தான் முதுகெலும்பு. ரோட்ஸ்டரில் துருப்பிடித்த சில்லை வெட்டி மாற்றாத புதுப்பிப்பு வேலையை நான் பார்த்ததில்லை. அதை வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் விட்டால், கார் நடுவில் மெல்லத் தொய்யும். கதவு இடைவெளி மேல்பக்கம் குறுகும், ஸ்கட்டில் ஒரு துளி பின்னால் சாயும். கண்ணுக்கு இது தெரியாது. சாய்ந்த ஸ்கட்டிலோடு ப்ராக்கெட்டும் சாய்ந்திருக்கும். பெயிண்டு முடிந்து கண்ணாடியை இறக்கும் நாளில்தான், பில்லர் கால் துளைக்குள் போகிறது, ஆனால் போல்ட் ஓட்டை நேர் வரவில்லை என்பது தெரியவரும். அந்த நிலைக்கு வந்தபின் செய்ய அதிகமில்லை.

எனவே வரிசை இதுதான். சில் வெல்டிங் முடிந்ததும் கதவை மாட்டி இடைவெளியைச் சரிபாருங்கள். பிறகு முன் மட்கார்டை மாட்டுங்கள். மட்கார்டு கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் பில்லர் கால் அதன் மேல்மூலை வெட்டு வழியாகத்தான் இறங்குகிறது. ரோட்ஸ்டரில் மட்கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான். மட்கார்டு நின்ற பிறகு ஃப்ரேமை இறக்கி நான்கு போல்ட்டையும் கையால் திருகிப் பாருங்கள். ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே நான்கும் பிடித்தால் பாடி சரியாக இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பெயிண்டுக்கு அனுப்பலாம்.

இந்த ஒத்திகையில் அடிப் பீடிங்கையும், அதாவது கீழ்ச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையையும், போட்டுப் பாருங்கள் என்பேன். பீடிங் இல்லாமல் ஃப்ரேம் நன்றாக உட்காரும், பீடிங் வந்தவுடன் சில மில்லிமீட்டர் மேலே ஏறி நிற்கும். எவ்வளவு அமுக்க வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிவது நல்லது.

பழைய போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

எஃகு போல்ட் அலுமினியக் காலில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் இங்கிலாந்து சாலைகளில் தூவும் உப்பு நனைந்து உள்ளே போயிருக்கிறது. இரண்டு உலோகமும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் சிறு பேட்டரி போல வேலை செய்யும், அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் வரும் வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் அது வீங்கி போல்ட்டைக் கடித்துக்கொள்கிறது. கடினத்துக்குக் காரணம் துருவைவிட இந்த வெள்ளைப் பொடிதான்.

முதல் நாள் துருநீக்கி எண்ணெயை மேலேயும் கீழேயும் விட்டுவிட்டுப் போங்கள். மறுநாளும் விடுங்கள். மூன்றாம் நாள், முதலில் இறுக்கும் திசையில் சற்றே அசைத்து, பிறகு தளர்த்தும் திசைக்கு வாருங்கள். கால்வாசிச் சுற்று திரும்பினால் அப்படியே எடுத்துவிடாமல், கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று அசைத்துக்கொண்டே எண்ணெய் விடுங்கள். சூடு காட்டுவதும் உதவும். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர்கள் இருப்பதால் திறந்த தீயைக் கொண்டுபோகாதீர்கள். ஹாட் ஏர் கன் போதும்.

அதற்கும் முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய எம்ஜிபியில் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். 1967 வரையான கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் ராட்செட்டை நுழைத்து, இக்னிஷன் சுவிட்சின் முனையையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டுப் புகை கிளப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த போல்ட்டை எப்படித்தான் எட்டுவது?

ஒவ்வொரு பக்கமும் ஒரு போல்ட் எளிதில் கைக்கு வரும், இன்னொன்று ஒளிந்திருக்கும். ஓடும் காரில் செய்வதென்றால் இருக்கையை எடுத்துவிட்டு, தரையில் முதுகை வைத்து, தலையை பெடலுக்கு மேல் நுழைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயிண்டும் உள்ள சாக்கெட் இல்லாமல் முயலாதீர்கள். டிரைவர் பக்கம் மீட்டரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் கை போகும். எதிர்ப்பக்கம் கிளவ் பாக்ஸ் வழி.

புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இத்தனை பாடு வேண்டாம். டாஷ்போர்டு மாட்டும் முன்பே கண்ணாடியை மாட்டிவிடுங்கள். டாஷ்போர்டு இல்லாத காரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி செய்கிற வேலை இது. நல்ல நாளில் அதை மாட்டிப் பார்க்கும் ஆசையில் முதலில் டாஷ்போர்டைப் பூட்டிவிட்டு, பிறகு அதைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன்.

ப்ராக்கெட்டிலேயே துரு. வெல்டிங் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் அதன் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

இங்கே துரு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பில்லர் கால் இறங்கும் துளையைச் சுற்றி ஒரு ரப்பர் பீடம் இருக்கும். அது காய்ந்து வெடித்ததும் மழைநீர் காலோடு ஒட்டி உள்ளே வழிந்து ப்ராக்கெட்டின் மேல் தேங்கும். அங்கே வெயிலும் படாது, காற்றும் வராது. வெளியே பெயிண்டு முழுதாக இருந்தாலும் உள்ளே தகடு இதழ் இதழாகப் பிரிந்திருக்கும். சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். மேல்பரப்புத் துரு என்றால் கம்பி பிரஷ்ஷும் துருமாற்றியும் ப்ரைமரும் போதும். முனை உள்ளே போனால் தகடு போய்விட்டது.

தகட்டை மாற்றுவதென்றால், வெட்டும் முன்பே ஃப்ரேமை, கண்ணாடி இல்லாமல், நல்ல பக்கத்து ப்ராக்கெட்டில் போல்ட்டுப் போட்டு நிறுத்துங்கள். கெட்டுப்போன பக்கத்தின் பில்லர் கால் நிற்கும் இடத்தை ஸ்கட்டிலிலிருந்தும் கதவுத் தூணிலிருந்தும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது ப்ராக்கெட்டைப் பில்லர் காலிலேயே போல்ட்டால் பிடித்து, அது நிற்கிற இடத்தில் புள்ளி வெல்டு வையுங்கள். ஃப்ரேமைக் கழற்றிவிட்டு முழு வெல்டிங் முடித்து, ஆறிய பிறகு மறுபடி ஃப்ரேமை இறக்கிப் பாருங்கள். சூட்டில் தகடு இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடி அருகில் இருக்கும்போது கிரைண்டர் ஓட்டாதீர்கள். பறக்கும் தீப்பொறி உருகிய எஃகுத் துளி. கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துகொள்ளும். முதல் நாள் கருப்புப் புள்ளி, ஒரு மழை கழித்து பழுப்புப் புள்ளி. எத்தனை தேய்த்தாலும் குழி மிஞ்சும். பக்கத்துக் காரின் கண்ணாடிக்கும் இதே கதிதான், கனமான போர்வை போட்டு மூடுங்கள்.

புது பாடி ஷெல் வாங்கினேன். அதிலும் ஓட்டை நேர் வரவில்லையே?

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988-ல் எம்ஜிபி ரோட்ஸ்டரின் முழு பாடி ஷெல்லை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. நிறுத்தப்பட்ட ஒரு காரின் பழைய அச்சுக் கருவிகளைத் தேடித் திரட்டி முழு ஷெல்லைக் கொண்டுவந்தது அந்நாளில் பெரிய காரியம். எத்தனையோ கார்கள் குப்பைக்குப் போகாமல் பிழைத்தன. ஆனாலும் அது கையால் பொருத்தி வெல்டிங் செய்யும் ஷெல். ஆபிங்டனில் 1960-களில் கார் கட்டியவர்களும் ஒவ்வொரு காரிலும் கொஞ்சம் தட்டி, கொஞ்சம் அராவி, கொஞ்சம் தகடு வைத்துத்தான் பொருத்தியிருப்பார்கள். உங்கள் பழைய ஃப்ரேம் உங்கள் பழைய ஷெல்லுக்குப் பழகியது, புது ஷெல்லுக்கு அல்ல.

எந்தப் பக்கம், எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கால் மட்கார்டின் வெட்டில் இடித்து நின்றால் மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். பல சமயம் அதுவே போதும். பில்லர் காலுக்கும் ப்ராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, வையுங்கள். இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். பழைய காரில் ஷிம் இருந்ததென்றால் எந்தப் பக்கம் எத்தனை என்று உறையில் எழுதி வைத்திருக்க வேண்டும். பாடி ஓட்டையை ஒரு மில்லிமீட்டர் அராவி அகலப்படுத்துவது பாதகமில்லை, மேலே அகலமான வாஷர் வரும். அலுமினியக் காலை மட்டும் அராவாதீர்கள், வளைக்கவும் வேண்டாம்.

கண்ணாடியை ஃப்ரேமுக்குள் பொருத்தும் வேலை?

அது தனிக் கலை, சுருக்கமாகவே சொல்கிறேன். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ரப்பரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, முதலில் மேல் கீழ் சட்டங்களை ஏற்றி, பிறகு பில்லர்களை இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். புது ரப்பர் விறைப்பாக இருப்பதால் மூலைகள் ஒன்றுசேராது. சரக்குக் கட்டும் ராட்செட் பட்டையைச் சுற்றி, மென்துணி வைத்து, ஒரு பல் ஒரு பல்லாக இறுக்கினால் மூலை ஸ்க்ரூவின் ஓட்டைகள் நேர் வரும். முடிந்ததும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்கள், சமமாக இருக்க வேண்டும். பிறகு ஃப்ரேமின் ஒரு பக்கமாக நின்று, மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் ஒரே பார்வையில் ஓடவிட்டுப் பாருங்கள். முறுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

உண்மையில் மாட்டும் நாளில் என்னென்ன வரிசை?

என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு நண்பரின் 1960-களின் ரோட்ஸ்டர். அடிப் பீடிங்கைக் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் ஓட்டி, ரப்பர் பீடங்களைக் கால்களில் ஏற்றி, இரண்டு பேர் தூக்கி இறக்கினோம். இடது பக்கம் இரண்டு போல்ட்டும் சுலபமாகப் பிடித்தன. சந்தோஷத்தில் அங்கேயே முழுக்க இறுக்கினேன். வலது பக்கம் ஓட்டை பாதி நிலா போலத் தெரிந்தது. போல்ட்டைச் சாய்த்து மரையில் பிடிக்க வைத்து, இறுக்கினால் இழுபட்டு வந்துவிடும் என்று ஸ்பேனரைத் திருப்பினேன். நாலாவது திருப்பில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலது அடிமூலையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் நடுவை நோக்கி நகர்ந்தது.

எங்களோடு நின்ற யாழ்ப்பாணத்து அண்ணன், அங்கேயே நாற்பது வருடம் கராஜில் வேலை செய்தவர், என்னைத் திட்டவில்லை. “தம்பி, அந்தப் பக்கத்தை முதல் லூசாக்குங்கோ. இறுக்கினது அங்கை, நோகிறது இங்கை” என்றார். புதுக் கண்ணாடி வந்த பிறகு அவர் சொன்ன வரிசையில்தான் மாட்டினோம். அதற்குப் பிறகு வேறு வரிசையில் நான் மாட்டியதே இல்லை.

ஃப்ரேமை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னால் போனால் கால் துளையின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டும், அதனால் ஓரங்களில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். இரண்டு காலும் இறங்கியதும், ஒவ்வொரு பக்கமும் மேல் ஓட்டையில் கூம்பு முனைக் கம்பியை நுழைத்து ஓட்டைகளை நேர்படுத்தி, மற்ற ஓட்டையில் போல்ட்டைக் கையால் மூன்று நான்கு சுற்றுப் பிடிக்க வையுங்கள். கம்பியை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்கும் போல்ட். எதிர்ப்பக்கமும் அப்படியே. நான்கு போல்ட்டும் தளர்வாகப் பிடிக்கும் வரை ஸ்பேனர் கைக்கு வரக் கூடாது. பிறகு நடுக் கம்பியை லேசாகப் பிடிக்க வையுங்கள். அதன் பிறகு இடது ஒரு அரைச் சுற்று, வலது ஒரு அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்கிக்கொண்டு போங்கள். எந்த இடத்திலாவது போல்ட் திடீரென்று கனத்தால் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைத் தளர்த்திப் பாருங்கள்.

பீடிங் விறைப்பாக இருக்கிறது, ஃப்ரேம் கீழே வரவே மாட்டேன் என்கிறது!

புதுப் பீடிங் என்றால் எல்லோருக்கும் இதே கதைதான். மாட்டுவதற்கு முந்தைய இரவு பீடிங்கைச் சுருளாக விடாமல் நேராக நீட்டி வெதுவெதுப்பான அறையில் வையுங்கள். குளிர்ந்த கராஜில் ரப்பர் மரக்கட்டைதான். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தாராளமாக. எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

அமுக்குவதற்கு மூன்று பேர் தேவை. இருவர் பில்லருக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்து உடல் எடையை மெல்லச் சாய்க்க, மூன்றாமவர் உள்ளே இருந்து போல்ட்டைப் பிடிக்க வைக்க வேண்டும். சட்டத்தின் நடுவில் அமுக்கக் கூடாது, அது கண்ணாடியை வளைக்கும். ஆள் இல்லையென்றால் இரண்டு பில்லர் தலைகளிலும் மென்துணியும் கட்டையும் வைத்து, ராட்செட் பட்டையைக் காரின் அடிவழியாகக் கொண்டுவந்து மெல்ல இழுக்கலாம். அப்போதும் ஒரு பல், ஒரு பல்தான்.

பீடிங்கின் எந்த இதழ் முன்னால், எந்த இதழ் பின்னால் என்ற சந்தேகம் வருவது உறுதி. அதனால் பழைய பீடிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, முன்பக்கம் எது என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டால், குறுக்குவெட்டைப் பார்த்துப் புதியதை ஓட்டலாம். முனைகளை முதலிலேயே அளவாக வெட்டாதீர்கள். ரப்பர் சுருங்கும். எல்லாம் இறுகிய பிறகு வெட்டுங்கள்.

நடுக் கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும்?

அது அழகுக்கு வைத்ததல்ல. துணிக்கூரையை மூடும்போது மேல்சட்டம் பின்னாலும் மேலாலும் இழுபடும், அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் கம்பி. மேல்சட்டத்தின் இயல்பான வளைவு மாறாமல், கம்பி ஆடாமல் நிற்கும் வரை போதும். அதற்கு மேல் இறுக்கினால் சட்டம் நடுவில் கீழே குழியும், மூலைகளில் துணிக்கூரை தூக்கிக்கொள்ளும், அங்கே மழை உள்ளே வரும். மூலையில் ஒழுகுகிறதே என்று மாதக்கணக்கில் பீடிங்கை மாற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு, கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்தியதில் ஒழுகல் நின்றது.

மெட்ரிக் போல்ட் போடலாமா? ஸ்டெயின்லெஸ் நல்லதா?

மெட்ரிக் வேண்டவே வேண்டாம். எம்ஜிபி அங்குல அளவுக் கார், அதில் இருப்பது யுஎன்எஃப் என்னும் அங்குல அளவு நெருக்க மரை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. பக்கத்திலேயே எம்8 போல்ட் 8 மி.மீ. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 5/16 யுஎன்எஃப்-க்கு அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண எம்8-க்கு ஏறத்தாழ 20. முதல் இரண்டு சுற்று நல்ல பிள்ளை போலப் போகும், மூன்றாவதில் அலுமினிய மரையைத் தின்றுவிடும். ஸ்பேனருக்கும் இதே விதி: அரை அங்குலத் தலை என்றால் 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் மூலை தேயும். தலை தேய்ந்த போல்ட்டை அந்த இடுக்கிலிருந்து எடுப்பது எப்படி என்று எனக்கு எழுத மனமில்லை.

மரை ஏற்கெனவே போயிருந்தால் பில்லரைக் கழற்றி மேசையில் வைத்து ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போடுங்கள். அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாக நிற்கும். துளை நேராக இருக்க நிற்கும் டிரில்லிங் மெஷினில் போடுவதே நல்லது.

ஸ்டெயின்லெஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அலுமினியத்துக்கு அது சாதாரண எஃகைவிட மோசமான துணை. அந்த போல்ட் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. துத்தநாகப் பூச்சுள்ள நல்ல தர எஃகு போல்ட்டே என் தேர்வு.

அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே என்ன தடவ வேண்டும்?

டூராலாக் போன்ற பிரிப்புப் பசை. போல்ட்டின் மரையிலும், கால் ப்ராக்கெட்டைத் தொடும் முகத்திலும் மெல்லியதாக. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பசை தோலுக்கு நல்லதல்ல. ப்ராக்கெட்டின் முகத்தில் ப்ரைமரும் பெயிண்டும் முழுமையாக இருக்க வேண்டும். வெற்று எஃகு எங்கும் தெரியக் கூடாது. பத்து வருடம் கழித்து இந்தக் காரை யாரோ ஒருவர் மறுபடி பிரிப்பார். அவர் கைக்கு போல்ட் சுலபமாக வர வேண்டும்.

சிலிக்கானைப் பிழிந்துவிட்டால் ஒழுகல் நிற்காதா?

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது உலோகத்தை அரிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது. பீடத்தின் அடியில் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் இறுகிப்போகாத பியூட்டைல் மாஸ்டிக்கை மெல்லிய கயிறாக உருட்டி வையுங்கள். பிதுங்கியதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

தரைவிரிப்பு நனைகிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது?

ஹோஸ் பைப்பை எடுத்து மேலிருந்து அடிக்காதீர்கள், எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்தால் எதுவும் தெரியாது. தரைவிரிப்பை எடுத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். வெளியே பூவாளியால் கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் கீழ்ச்சட்டத்தின் நடு, பிறகு ஒரு மூலை, பிறகு மறு மூலை, கடைசியில் மேல்சட்டம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நிமிடம் பொறுங்கள். பவுடரில் நீர் வழிந்த கோடு, வந்த பாதையைக் காட்டிவிடும். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி பில்லர் அடிப்பீடம்தான், அதுவும் மாட்டும்போது ஓரம் மடிந்து உள்ளே போயிருக்கும்.

எந்தக் கண்ணாடி வாங்குவது?

லேமினேட்டட், அதாவது நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. பழைய கார்களில் பல, டஃபன்டு என்னும் சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியோடு வந்தன. கல் பட்டால் அது முழுவதும் ஒரே கணத்தில் பொடிப்பொடியாக நொறுங்கும், திறந்த காரில் அது மடியில்தான் விழும். லேமினேட்டட் விரிசல் விட்டாலும் நடுப்படலம் பிடித்துக்கொள்ளும்.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் அந்தச் சோதனையின் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டீயரிங்குக்கு நேராக 290 மி.மீ. அகலப் பட்டையில், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள், 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை.

கண்ணாடி மாட்டியாயிற்று. கதவின் சிறு கண்ணாடி இடிக்கிறதே?

கதவின் முன்மூலையில் உள்ள முக்கோணக் கண்ணாடி, முன்கண்ணாடியின் பில்லரை ஒட்டித்தான் மூட வேண்டும். முன்கண்ணாடி முழுவதும் இறுகிய பிறகே இதைச் சரிசெய்யுங்கள். நகர வேண்டியது முக்கோணக் கண்ணாடிதான். அதைக் காப்பாற்ற நினைத்துப் பில்லரைத் தள்ளாதீர்கள். அது முடிந்ததும் துணிக்கூரையை மூடிப் பாருங்கள். கூரை புதியதென்றால் வெயில் உள்ள நாளில் பூட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு இழுபட விடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. புதுப் பீடிங் அமுங்கி உட்கார இரண்டு மூன்று வாரம் ஆகும். அது உட்கார்ந்த அளவுக்கு போல்ட்டின் பிடி தளரும். அதனால் காரை எடுத்து ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரம் நான்கு போல்ட்டையும் மறுபடி ஒரு முறை பாருங்கள், இடது வலது மாற்றி மாற்றித்தான். தரைவிரிப்பையும் கிளவ் பாக்ஸையும் அதுவரை மாட்டாமல் வைத்திருங்கள்.